தென்னையைச் சாய்க்கிற காளான் சர்க்கரையைக் குறைக்குமா?

03.08.2025, ஞாயிறு, காலை 8.10. வந்த கேள்வி:

அப்பாவுக்கு 64 வயது. 11 வருடமாகச் சுகர். காலையும் இரவும் மெட்ஃபார்மின் போடுகிறார். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ரெய்ஷி காளான் கேப்ஸ்யூல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மாதம் 3,800 ரூபாய். மூன்று மாதம் சாப்பிட்டால் இங்கிலீஷ் மாத்திரையே வேண்டாம் என்கிறார். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் ஏதாவது உண்டா அண்ணா? நீங்கள் மெடிக்கல் வைத்திருப்பதால் கேட்கிறேன்.

03.08.2025, இரவு 10.25

கடையைச் சாத்திவிட்டு இப்போதுதான் பார்த்தேன். தம்பி, அப்பா மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டாரா என்று முதலில் கேள். நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்பப் போடச் சொல். காளானை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

04.08.2025, மதியம் 2.50

வெயிலுக்கு ஆள் வராத நேரம், எழுதுகிறேன்.

ரெய்ஷி என்பது ஜப்பான் பெயர். சீனாவில் லிங்ஷி. டப்பாவின் பின்புறம் சின்ன எழுத்தில் கானோடெர்மா லூசிடம் என்று அறிவியல் பெயர் போட்டிருக்கும். இந்தப் பெயரைக் கேட்டால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி முகம் சுளிப்பார். மரத்தின் அடியில் செம்பழுப்பாகச் சாறு வடியும். அடிமட்டைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து தொங்கும். குரும்பை கொட்டும். கடைசியில் தூரில் தட்டுத் தட்டாக, வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளவென்று ஒரு காளான் முளைக்கும். அதைப் பார்த்துவிட்டால் மரத்துக்கு நாள் எண்ணவேண்டியதுதான். தஞ்சாவூர் வாடல் நோய் என்பார்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்க் கடலோரத்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். எங்கள் தோப்பில் மட்டும் ஒன்பது மரம் போயிருக்கிறது. மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 1 சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் என்று அப்பா ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அதே காளானைக் கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள் என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்படின்னா நம்ம தூர்ல இருக்கிறதையும் யாராவது வாங்கிக்குவாங்களா?"

சரி, சர்க்கரைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. டைப் 2 சர்க்கரையும் கூடவே ரத்த அழுத்தம், கொழுப்புப் பிரச்சினைகளும் இருந்த 84 பேர். ஒரு பிரிவுக்கு ரெய்ஷி, ஒரு பிரிவுக்கு ரெய்ஷியோடு கார்டிசெப்ஸ் என்ற இன்னொரு காளான், ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத டம்மி கேப்ஸ்யூல். தினம் 3 கிராம், 16 வாரம். எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) வெறும் வயிற்றுச் சர்க்கரையும் டம்மி சாப்பிட்டவர்களுக்கும் ரெய்ஷி சாப்பிட்டவர்களுக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதற்கு முந்தைய வருடம், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 5 சோதனைகளை, மொத்தம் 398 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசிவிட்டு, சர்க்கரைக்காரர்களுக்கு இதைக் கொடுக்க ஆதாரம் இல்லை என்றே எழுதியது.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: உண்டு தம்பி, ஆராய்ச்சி உண்டு. அது உங்கள் சொந்தக்காரர் சொல்வதற்கு எதிராக இருக்கிறது.

04.08.2025, இரவு 9.15

"இரண்டாயிரம் வருடமாகச் சாப்பிடும் சீனாக்காரன் முட்டாளா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முட்டாள் இல்லை சார். அவர்கள் துண்டு துண்டாக நறுக்கி, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, கசாயமாகக் குடித்தார்கள். நம் ஆள் அரைக் கிராம் பொடியைப் பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அதே பலனைக் கேட்கிறார். இரண்டும் ஒன்றா?

06.08.2025, இரவு 11.00

புற்றுநோய் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இதில் "எல்லாம் பித்தலாட்டம்" என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானில் காளானிலிருந்து எடுத்த பொருளை மருந்தாகவே அனுமதித்திருந்தார்கள். மரக்கட்டையில் விசிறி விசிறியாக, வரிவரியாக வளரும் டர்க்கி டெயில் என்ற காளானிலிருந்து எடுத்தது. பெயர் பி.எஸ்.கே., வியாபாரப் பெயர் கிரெஸ்டின். 1977-ல் அனுமதி. இரைப்பைப் புற்றை அறுவை செய்து எடுத்த பிறகு கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 8 சோதனைகள், 8,009 நோயாளிகள். 2007-ல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட இதையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 12 சதவீதம் குறைவு. சின்ன எண் இல்லை இது. ஷிட்டாகே காளானிலிருந்து எடுத்த லென்டினானும் அங்கே மருந்தாக இருந்தது, அது ஊசியாகப் போனது.

ஆனால் எங்கே சறுக்குகிறது பாருங்கள். அந்தச் சோதனைகளில் கட்டியை முதலில் அறுத்து எடுத்தாகிவிட்டது. கீமோவும் ஓடிக்கொண்டிருந்தது. காளான் மூன்றாவதாக வந்தது. நம் ஊரில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவும் ஆலையில் பிரித்தெடுத்து அளவு குறித்த அந்தப் பொருளை இல்லை, பெயர் மட்டும் ஒத்த ஒரு பொடியை. கீமோ முறைகளும் அப்போதையவை. இப்போதைய மருந்துகளோடு சேர்த்தால் அதே 12 சதவீதம் கிடைக்கும் என்று யாரும் காட்டவில்லை.

ரெய்ஷிக்கு இந்த அளவுகூடக் கிடையாது. காக்ரேன் பார்த்தது 5 சோதனைகள், 373 பேர். கீமோ, கதிர்வீச்சோடு சேர்த்தால் உடம்பு கொஞ்சம் கூடுதலாக ஒத்துழைத்த மாதிரி தெரிகிறது. தனியாகக் கொடுத்தால் கட்டி சுருங்கவில்லை.

07.08.2025, காலை 7.30

திருத்தம். வேளாண்மை படித்த ஒரு தங்கை குட்டியிருக்கிறார். 4-ஆம் தேதி "அதே காளான்" என்று எழுதிவிட்டேன். அப்படிச் சொல்ல முடியாதாம். கானோடெர்மா லூசிடம் என்ற பெயர் முதலில் ஐரோப்பாவில் கிடைத்த காளானுக்கு வைத்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று உலகம் முழுக்க எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே ஒட்டிவிட்டார்கள். சீனாவில் வளர்ப்பது வேறு இனம் என்று 2012-ல் பிரித்து லிங்ஷி என்றே அறிவியல் பெயரும் வைத்தார்கள். நம் தென்னையில் வருவது இதே குடும்பம், அவ்வளவுதான். சகோதரர்கள் இல்லை, பங்காளிகள். அப்பாவிடம் சொன்னேன். வியாபாரம் போச்சே என்றார்.

டப்பாவில் இன்னமும் லூசிடம் என்றுதான் போடுகிறார்கள். உள்ளே எந்தப் பங்காளி இருக்கிறான் என்பது வேறு கதை. அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி தயாரிப்புகளை வாங்கிப் பரிசோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். அசல் ரெய்ஷி என்று உறுதியானவை 5.

10.08.2025, ஞாயிறு, மாலை 5.40

இன்று கடை அரை நாள். ஒரு வேலை செய்து பார்த்தேன்.

காளான் கேப்ஸ்யூல்களில் இரண்டு வகை. ஒன்று, நாம் கண்ணால் பார்க்கிற காளானையே காயவைத்து அரைப்பது. இன்னொன்று, அரிசியிலோ ஓட்ஸிலோ காளான் விதையைத் தூவி, வெள்ளை நூலாம்படை படர்ந்ததும் தானியத்தோடு சேர்த்து மொத்தமாக அரைத்துவிடுவது. இரண்டாவதில் பாதிக்குமேல் தானியமாகவே இருக்கலாம். தானியம் என்றால் ஸ்டார்ச். ஸ்டார்ச் என்றால் அயோடின் பட்டதும் நீலம். பத்தாம் வகுப்புப் பாடம்.

மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணம் எடுத்தேன். ஒன்றில் சோறு வடித்த கஞ்சி. ஒன்றில் வீட்டில் காயவைத்து மிக்ஸியில் அரைத்த சிப்பிக் காளான். ஒன்றில் கடையில் இருந்த லயன்ஸ் மேன் (மறதிக்கு நல்லது என்று விற்கும் ஒரு காளான்) கேப்ஸ்யூல் இரண்டைத் திருகிக் கொட்டியது. பின் இரண்டிலும் கொதிதண்ணீர் ஊற்றிக் கலக்கி, புண்ணுக்குப் போடும் பெட்டாடைனை ஐந்து சொட்டு விட்டேன். கேப்ஸ்யூல் கிண்ணத்தில் ஒரு நொடி கருத்துவிட்டு நிறம் ஓடிப்போயிற்று. அட, நல்ல சரக்குதான்போல என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சூட்டில் அந்த நீலம் நிற்காது. ஆறவைத்து மறுபடி விட்டேன். கஞ்சி மை நீலம். சிப்பிக் காளான் பெட்டாடைன் நிறத்திலேயே கிடந்தது. கேப்ஸ்யூல் கஞ்சிக்குப் போட்டியாக நீலம்.

டப்பாவை எடுத்துப் படித்தேன். "பாலிசாக்கரைடு 50 சதவீதம்" என்று பெருமையாகப் போட்டிருக்கிறான். ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதானே! ரேஷன் அரிசி மூட்டையில்கூட அதை அச்சடிக்கலாம். பார்க்கவேண்டியது காளானில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற பாலிசாக்கரைடு எவ்வளவு என்பது. அது டப்பாவில் இல்லை.

இருந்தது இன்னொரு வரி: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த மாதிரிச் சத்துப்பொருள் எல்லாவற்றிலும் அதைப் போட்டாக வேண்டும். இங்கிலீஷில், கடுகு அளவு எழுத்தில் போட்டிருக்கிறான்.

11.08.2025, இரவு 10.10

நேற்றைய சோதனையை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வைத்திருப்பது மருந்துக்கடை, லேப் இல்லை. நல்ல காளான் சாற்றைப் பொடியாக்கும்போதும் கட்டி தட்டாமல் இருக்க ஸ்டார்ச் சேர்ப்பதுண்டு, அதுவும் நீலம் காட்டும். நீலம் வராவிட்டால் நல்ல சரக்கு என்றும் சொல்ல முடியாது. மரத்தூளை அடைத்திருந்தாலும் நிறம் மாறாது. ஸ்டார்ச் இருக்கிறது என்பது மட்டும்தான் நான் கண்டுபிடித்தது.

இன்னொன்று. தானியத்தில் படரும் நூலாம்படை வகை மட்டம், முழுக் காளான்தான் உசத்தி என்கிற தோரணையில் எழுதினேன். லயன்ஸ் மேனுக்கு அது பொருந்தாது. நரம்புக்கு நல்லது என்று ஆய்வாளர்கள் துரத்திக்கொண்டிருக்கிற எரினசின் என்ற பொருள் அந்த நூலாம்படையில்தான் உண்டு. தைவானில் ஆரம்பக்கட்ட அல்சைமர் நோயாளிகளுக்கு அதைத்தான் 49 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அது தொட்டியில் வளர்த்து எரினசின் அளவு குறித்த சரக்கு. அரிசி மாவு இல்லை.

15.08.2025, விடுமுறை, காலை 11.20

"நீங்கள் சாப்பிட்டதே இல்லையா?" என்ற கேள்வியை நான்கு நாளாகப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். சாப்பிட்டேன். போன வருடம், லயன்ஸ் மேன், நான்கு மாதம். வயது 47 ஆகிறது. வாடிக்கையாளர் பெயர் மறந்துபோகிறது, மருந்துப் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது. ஜப்பான் சோதனை ஒன்றைப் படித்துத்தான் ஆரம்பித்தேன். 2009. லேசான மறதி உள்ள 50 முதல் 80 வயதுக்காரர்கள் 30 பேர். தினம் 3 கிராம் பொடி, 16 வாரம். டம்மி சாப்பிட்டவர்களைவிட மதிப்பெண் ஏறியது. நிறுத்திய நான்காவது வாரம் இறங்கிவிட்டது.

எனக்கும் இரண்டாம் மாதம் மூளை பளிச்சென்று ஆன மாதிரி இருந்தது. அடகுக்கடைக்காரர் பெயர்கூட டக்கென்று வந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த இரண்டாம் மாதம்தான் கடைக்குப் பையன் ஒருவனை வேலைக்கு வைத்தோம், நான் இரவு பத்து மணிக்கே படுக்க ஆரம்பித்தேன். எது வேலை செய்தது? எனக்கு டம்மி கொடுக்க ஆள் இல்லையே. நிறுத்திப் பார்த்தேன். பெயர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அப்புறம் ஜூனில் பையன் ஊருக்குப் போனான், எல்லாம் மறுபடி மறந்தது.

கணக்குப் போட்டால் இன்னொரு வேடிக்கை. சோதனையில் தினம் 3 கிராம். என் டப்பாவில் ஒரு கேப்ஸ்யூல் 500 மி.கி., "தினம் இரண்டு". மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பாதி கஞ்சி.

16.08.2025, மதியம் 3.00

ஜிம் தம்பி கார்டிசெப்ஸ் கேட்கிறார். சுருக்கமாக: 1993-ல் சீனப் பெண்கள் ஓட்டத்தில் உலக சாதனைகளை அடித்து நொறுக்கியபோது, அவர்களின் பயிற்சியாளர் மா ஜுன்ரென் கார்டிசெப்ஸையும் ஆமை ரத்தத்தையும் காரணம் காட்டினார். இந்தக் காளானின் விளம்பரமே அங்கே தொடங்கியதுதான். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அவருடைய ஓட்டக்காரர்கள் ஆறு பேரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஆமை பாவம்.

இமயமலையில் கம்பளிப்புழுவைக் கொன்று அதன் தலையிலிருந்து முளைக்கும் காட்டுக் கார்டிசெப்ஸ் வேறு. உத்தராகண்டில் கீடா ஜடி என்பார்கள், கிலோ லட்சக்கணக்கில் போகும். உங்கள் 900 ரூபாய் டப்பாவில் அது இருக்காது. காட்டில் எடுத்த சரக்கும் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். 2016-ல் சீன அரசே சோதித்து, கிலோவுக்கு 1 மி.கி. வரம்பு உள்ள இடத்தில் 4.4 முதல் 9.9 மி.கி. வரை ஆர்சனிக் இருப்பதாக எச்சரித்தது.

16.08.2025, இரவு 9.50

மேலே எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த டப்பாக்கள் எல்லாவற்றிலும் "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று போடுகிறார்களே. கிட்னி மாற்றியவர்கள் தினம் விழுங்கும் சைக்ளோஸ்போரின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து. அந்தப் பூஞ்சை கார்டிசெப்ஸ் வகையறாவின் இன்னொரு வடிவம் என்று 1996-ல் தெரிந்தது, அது வண்டுப் புழுவின் மேல் வளர்வது. சைக்ளோஸ்போரின் செய்வது நோய் எதிர்ப்பை அடக்குவது! ஆகையால், காளான் என்றாலே எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் என்று யாராவது சொன்னால், எந்தக் காளான், எந்தப் பொருள், எவ்வளவு என்று கேளுங்கள். உறுப்பு மாற்றியவர்கள், முடக்குவாதத்துக்கு எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்தக் காளான் கேப்ஸ்யூலையும் தொட வேண்டாம்.

20.08.2025, இரவு 10.40

"இயற்கைதானே, பக்க விளைவு இல்லையே" என்ற அக்காவுக்கு. சாகா என்று பிர்ச் மரத்தில் கரிக்கட்டி போல வளரும் ஒன்று உண்டு. ஜப்பானில் 72 வயது அம்மா ஒருவர் ஈரல் புற்றுக்கு நல்லது என்று தினம் நான்கைந்து டீஸ்பூன் பொடியை ஆறு மாதம் சாப்பிட்டார். அதில் ஆக்சலேட் என்ற, சிறுநீரகத்தில் படியும் உப்பு அதிகம். சிறுநீரகம் அடைத்து டயாலிசிஸுக்குப் போனார். 2014-ல் மருத்துவ இதழில் வந்தது. ரெய்ஷிப் பொடியால் ஈரல் கெட்டதும் ஹாங்காங்கில், தாய்லாந்தில் பதிவாகியிருக்கிறது. தாய்லாந்தில் உயிரே போனது. அடிக்கடி நடப்பது இல்லை இதெல்லாம். ஆனால் ஆளுக்கு ஆள் சேர்த்து விற்கும் சங்கிலி வியாபாரக்காரர்கள் இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: "உடம்புல இருக்கிற கழிவு வெளியேறுது." அரிப்பா, கழிவு. வாந்தியா, கழிவு. கண் மஞ்சளா, அதுவும் கழிவு.

21.08.2025, இரவு 12.15

தூக்கம் வரவில்லை. கழிவு என்று எழுதியதும் பெரிய மாமா ஞாபகம் வந்துவிட்டார்.

2019. மாமாவே அந்தச் சங்கிலியில் சேர்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோள்பை, நல்ல ரெய்ஷிக் காபி வாசனை. ஓய்வுபெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு வாரம் ஒரு கூட்டம், கைதட்டல், மேடையில் சால்வை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். விற்கிறவன் சாப்பிட்டுக் காட்டவேண்டாமா? எச்பிஏ1சி 7.4-லிருந்து நான்கு மாதத்தில் 10.9. கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. கழிவு என்றார். விரலை எடுத்த பிறகுதான் மெட்ஃபார்மினுக்குத் திரும்பினார்.

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அப்போது என் கடையிலும் வேறொரு கம்பெனியின் காளான் டப்பா இருந்தது, கல்லாவுக்கு மேலே, கண்ணில் படுகிற இடத்தில். மாத்திரை அட்டை ஒன்றை விற்றால் கிடைப்பது சில்லறை. இதில் டப்பாவுக்கு 35 சதவீதம். யாராவது கேட்டால் "சாப்பிடலாம், நல்லதுதான்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்து என்று சொன்னதில்லை. நிறுத்தாதே என்றும் சொன்னதில்லை.

24.08.2025, ஞாயிறு, மாலை 4.30

"அப்போ காளானே வேண்டாமா?" வேண்டும் சார், குழம்பில்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 60 வயதுக்கு மேற்பட்ட 663 பேரைப் பார்த்துவிட்டு 2019-ல் சொன்னார்கள்: வாரம் இரண்டு முறைக்கு மேல் காளான் சமைத்துச் சாப்பிடுபவர்களிடம் மறதி நோயின் முதல் கட்டம் பாதிதான் தென்பட்டது. சும்மா கவனித்து எழுதியதுதான் இது, கொடுத்துச் சோதித்தது இல்லை. காளான் வாங்கிச் சமைக்கிற வீட்டில் கீரையும் மீனும் நடைப்பயிற்சியும் இருக்கலாம். ஆனால் அவர்கள் சாப்பிட்டது கேப்ஸ்யூல் இல்லை, சந்தையில் கிடைக்கும் சாதாரணக் காளான்.

உறுதியாக வேலை செய்கிற ஒன்றும் உண்டு. காளானை வெயிலில் காட்டினால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆகிறது. நம் தோல் செய்கிற வேலைதான். உச்சி வெயிலில் கால் மணியிலிருந்து இரண்டு மணி வரை வைத்தால் 100 கிராமில் 10 மைக்ரோகிராமுக்கு மேலேகூட ஏறும். அம்மா இப்போது 200 கிராம் சிப்பிக் காளானை முறத்தில் பரப்பி, செதில் பக்கம் மேலே பார்க்க மொட்டைமாடியில் வைக்கிறார். காக்காய்க்கு ஒரு கண், அணிலுக்கு ஒரு கண். பாக்கெட் 60 ரூபாய். பீட்டா குளூக்கானும் அதிலேயே உண்டு. மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கினால் கேப்ஸ்யூல் பக்கத்தில் வர முடியாது.

07.09.2025, ஞாயிறு, இரவு 8.20

கேள்வி கேட்ட தம்பி தனிச்செய்தியில் எழுதியிருந்தார், அதை இங்கே எழுதச் சொன்னார். அப்பா மெட்ஃபார்மினை இரண்டு வாரம் இரவில் மட்டும் நிறுத்திவைத்திருந்தாராம், யாரிடமும் சொல்லாமல். இப்போது இரண்டு வேளையும் போடுகிறார். டப்பாவைத் தூக்கிப் போட ஒத்துக்கொள்ளவில்லை, காசு கொடுத்தாயிற்றே. சண்டை போடாதே தம்பி. டப்பாவை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. ஒரு ஈரல் பரிசோதனை எடுத்துவிடு. அடுத்த டப்பா மட்டும் வேண்டாம். சொந்தக்காரரிடம் என் பெயரைச் சொல்லாதே, எங்கள் தெருவிலும் அவருக்கு ஆள் இருக்கும்.

09.09.2025, மதியம் 1.15

தோப்பில் பத்தாவது மரத்தையும் நேற்று வெட்டியாயிற்று. தூரிலிருந்த காளானை அப்பா கத்தியால் நெம்பி எடுத்துக் கொடுத்தார். ஒரு சாண் அகலம், ஓரம் வெள்ளை, மேலே செங்காவி, தட்டினால் மரச்சத்தம். கடைக்குக் கொண்டுவந்து பில் பறக்காமல் இருக்கக் கல்லாவில் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள்.